துணிச்சலான கணிப்பு பத்தில் ஒன்று பலித்தால் அது தோல்வியா?

நீங்கள் கேட்டது இது: அமெரிக்க பேஸ்பால் அணியான சியாட்டில் மேரினர்ஸ் உங்கள் அணி. ஒவ்வொரு மார்ச்சிலும் சீசன் தொடங்கும் முன் நண்பர்கள் ஆளுக்குப் பத்து துணிச்சலான கணிப்புகள் எழுதிக்கொள்கிறீர்கள். போன முறை உங்களுடையதில் ஒன்றுதான் பலித்தது, எல்லோரும் ஓட்டித் தள்ளிவிட்டார்கள். இந்த முறை கேல் ராலிக்கு 2025-ஐப் போல மறுபடியும் 60 ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அடிப்பது, கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி), அணிக்கு 95 வெற்றி, பிட்சர் (பந்து வீசுபவர்) ஜார்ஜ் கிர்பிக்கு லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது, வேர்ல்டு சீரிஸ் என்ற இறுதித் தொடருக்குள் நுழைவது என்று நான்கை எழுதிவைத்துவிட்டு, எது தேறும் என்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் நான்கு கணிப்புக்கு மதிப்பெண் கேட்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் உங்கள் கடைசி வரிதான் உண்மையான கேள்வி: "இதில் திறமை என்று ஒன்று உண்டா, இல்லை கிளி ஜோசியமா?" அதற்குப் பதில் சொல்கிறேன், நான்கும் வழியில் வந்துவிடும்.

நான் படித்தது புள்ளியியல், சோறு போடுவது காப்பீட்டுத் துறையில் நஷ்டத்தைக் கணிக்கும் வேலை. பேஸ்பால் சியாட்டில் பக்கம் குடிவந்த பிறகு ஒட்டிக்கொண்டது. எந்த அணிக்கும் வேலை செய்ததில்லை, வீரர்களின் உடற்பயிற்சியாளரோ மருத்துவரோ எனக்குத் தெரியாது. ஆகவே கணக்கு சம்பந்தப்பட்ட இடத்தில் தைரியமாகப் பேசுவேன், ஒருவரின் தோள்பட்டை எப்படி இருக்கிறது என்பதில் உங்களைப் போலவே நானும் செய்தி படிக்கிறவன்தான்.

முதலில் அந்தப் பத்தில் ஒன்று. துணிச்சலான கணிப்பு என்றால் நடக்க ஐந்தில் ஒரு வாய்ப்பு, அதாவது 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அப்படிப் பத்து எழுதினால் சராசரியாக இரண்டு பலிக்க வேண்டும். ஒன்று மட்டும் பலிக்கவோ, ஒன்றுமே பலிக்காமல் போகவோ உள்ள வாய்ப்பு 38 சதவீதம். அதாவது மூன்று வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் இப்படித்தான் ஆகும், உங்கள் மேல் தப்பே இல்லாமல். மாறாக, உங்கள் நண்பர்களில் யாராவது பத்துக்கு ஏழு வாங்கியிருந்தால் அவரைச் சந்தேகியுங்கள். உண்மையிலேயே 20 சதவீதக் கணிப்புகளாக இருந்தால் ஏழு பலிப்பது ஆயிரத்தில் ஒரு தடவைகூட நடக்காது. "ஹூலியோ ரோட்ரிகெஸ் 20 ஹோம் ரன் அடிப்பார்" என்ற ரகத்தில், எப்படியும் நடக்கக்கூடியதை எழுதியிருப்பார்.

சரி, வெற்றி எண்ணிக்கைக்கு வருவோம். ஓர் அணி ஒரு சீசனில் 162 ஆட்டம் ஆடுகிறது. சரியாகப் பாதிக்குப் பாதி தரமுள்ள அணி என்றால் 81 வெற்றி எதிர்பார்க்கலாம். ஆனால் ஒவ்வோர் ஆட்டமும் நாணயம் சுண்டுவதுதான் என்று வைத்தாலும், வெறும் அதிர்ஷ்டமே அந்த எண்ணை இரு பக்கமும் ஆறு வெற்றிக்குச் சற்று மேல் ஆட்டும். அணியில் யாருக்கும் காயமில்லை, எல்லோருடைய திறமையும் நமக்குத் துல்லியமாகத் தெரியும் என்றாலும் 75-க்கும் 87-க்கும் இடையில் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. மூன்றில் ஒரு தடவை அந்த வரம்பையும் தாண்டிப் போகும். இது கருத்து இல்லை, கணக்கு. எந்த நிபுணரும், எந்தக் கணினி மாதிரியும் இதற்குக் கீழே இறங்க முடியாது.

அந்த ஆறு வெற்றி எவ்வளவு பெரியது என்பது மேரினர்ஸ் ரசிகருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2023-ல் 88 வெற்றி, பிளேஆஃப் (சீசனுக்குப் பிந்தைய நாக்அவுட் சுற்றுகள்) ஓர் ஆட்ட வித்தியாசத்தில் போச்சு. 2024-ல் 85 வெற்றி, மறுபடியும் ஓர் ஆட்ட வித்தியாசத்தில் போச்சு. 2023 முடிந்ததும் அணியின் அப்போதைய நிர்வாகத் தலைவர் ஜெரி டிபோட்டோ 54 சதவீதம் ஜெயிக்கும் அணிதான் நீண்ட காலத்தில் சாதிக்கும் என்று விளக்கப்போய் ஊரே கொதித்தது ஞாபகம் இருக்கும். 162-ல் 54 சதவீதம் என்றால் ஏறத்தாழ 88. அந்த வருடம் அவர்கள் எடுத்ததே அதுதான்! கணக்காக அவர் சொன்னதில் தவறில்லை, சொன்ன நேரம்தான் மகா மோசம்.

அப்படியென்றால் அறியவே முடியாதா என்றால், முடியும், வெற்றிப் பட்டியலைப் பார்க்காமல் ரன்களைப் பார்த்தால். பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வின் முன்னோடி பில் ஜேம்ஸ் பல ஆண்டுகளுக்கு முன் காட்டிய வழி இது: ஓர் அணி எடுத்த ரன்னையும் கொடுத்த ரன்னையும் வைத்து அது எத்தனை ஆட்டம் ஜெயித்திருக்க வேண்டும் என்று கணிக்கலாம். சுலபக் கணக்காக, பத்து ரன் வித்தியாசம் ஒரு வெற்றிக்குச் சமம். மேரினர்ஸ் வரலாற்றில் இதற்குக் கிடைக்கும் உதாரணங்கள் மாதிரி வேறெங்கும் கிடைக்காது. 2007-ல் 88 வெற்றி, ஆனால் எடுத்ததைவிட 19 ரன் கூடுதலாகக் கொடுத்திருந்தார்கள். எல்லோரும் 'இன்னும் ஒரே ஒரு ஆள் போதும்' என்றார்கள். நிர்வாகமும் அப்படியே நினைத்து, பிட்சர் எரிக் பெடார்டை வாங்க ஆடம் ஜோன்ஸ் உட்பட ஐந்து பேரை பால்டிமோருக்குக் கொடுத்தது. 2008-ல் 101 தோல்வி. 2009-ல் 85 வெற்றி, ரன் வித்தியாசம் மைனஸ் 52. அந்தக் குளிர்காலத்தில் கிளிஃப் லீ வந்தார், ஷான் ஃபிகின்ஸ் வந்தார், பத்திரிகைகள் புகழ்ந்து தள்ளின. 2010-ல் மறுபடியும் அதே 101 தோல்வி. முழு சீசனில் எடுத்தது வெறும் 513 ரன். பிட்சர் ஃபெலிக்ஸ் எர்னாண்டெஸ் அந்த வருடம் 13 வெற்றி, 12 தோல்வியோடு சை யங் வாங்கினார் என்றால், பின்னால் நின்ற பேட்டிங் எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். 2018-ல் 89 வெற்றி, ரன் வித்தியாசம் மைனஸ் 34. அடுத்த வருடம் 68 வெற்றி.

இந்த மூன்றையும் பார்த்தவர்கள் 2021-ல் என்ன சொன்னோம் தெரியுமா? 90 வெற்றி, ரன் வித்தியாசம் மைனஸ் 51. ஒரே ஒரு ரன்னில் முடிந்த ஆட்டங்களில் மட்டும் 33 வெற்றி, 19 தோல்வி என்று இருந்தார்கள். கணக்குப்படி அது 76 வெற்றி அணி. 2022-ல் கீழே விழும் என்பதுதான் கற்றவர் கட்சி. விழவில்லை. மீண்டும் 90 வெற்றி, 2001-க்குப் பிறகு முதல் பிளேஆஃப். கேல் ராலி பெஞ்சிலிருந்து வந்து கடைசி இன்னிங்ஸில் அடித்த ஹோம் ரன் அந்த இடத்தை உறுதி செய்தது.

கணக்கு பொய்த்துவிட்டதா? என் பார்வையில் இல்லை. 2021 அணி உண்மையிலேயே 76 வெற்றித் தரம்தான். 2022 அணி வேறு அணி. ஹூலியோ ரோட்ரிகெஸ், கிர்பி இருவரும் அந்த வருடம் அறிமுகமானார்கள், ராலி முழுநேரக் கேட்சர் (கிரிக்கெட் விக்கெட் கீப்பர் மாதிரி) ஆனார், ஜூலையில் பிட்சர் லூயிஸ் காஸ்டியோ வந்தார். இந்த முறை ரன் வித்தியாசமும் பிளஸ் பக்கம் நன்றாகவே இருந்தது. 2019-ஐயும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும்: அது அதிர்ஷ்டம் தீர்ந்து விழுந்த அணி மட்டுமில்லை, கனோ, டியாஸ், பாக்ஸ்டன் என்று எல்லோரையும் வேண்டுமென்றே அனுப்பிவிட்டுப் புதிதாகக் கட்டத் தொடங்கிய அணி. ரன் வித்தியாசம் போன வருடத்தைப் பற்றிய உண்மையைச் சொல்லும். வரும் வருடத்தில் யார் ஆடப்போகிறார்கள் என்று அதற்குத் தெரியாது. நல்ல துணிச்சலான கணிப்பு பிறக்கிற இடம் இந்த இடைவெளிதான். 2022-க்கு முன் "மேரினர்ஸ் 90 ஜெயிக்கும், ஏனென்றால் போன வருடம் 90 ஜெயித்தது" என்று எழுதியவருக்கும், "90 ஜெயிக்கும், ஏனென்றால் இரண்டு இளைஞர்கள் ஏறப்போகிறார்கள்" என்று எழுதியவருக்கும் ஒரே மதிப்பெண் கொடுக்க எனக்கு மனம் வராது.

உங்கள் 95-க்கு இதை வைத்துப் பார்த்தால், 2025-ன் 90 வெற்றி முந்தையவற்றைப் போல ஓட்டை இல்லை. ரன் வித்தியாசம் எழுபதுக்கு மேல் பிளஸ். ஆக தொடக்கப்புள்ளி நியாயமாகவே எண்பதுகளின் கடைசியில் இருக்கிறது. ஆனால் 1977-ல் தொடங்கிய இந்த அணி 95-ஐத் தாண்டியது ஒரே ஒரு முறை. 2001-ல் 116 வெற்றி, பிளஸ் 300 ரன். 2002, 2003 இரண்டிலும் 93-ல் நின்றார்கள். 88 என்று மையம் வைத்து, அதிர்ஷ்டத்துக்கு ஆறு, காயங்களுக்கும் நம் அறியாமைக்கும் இன்னும் கொஞ்சம் சேர்த்தால், 95-ஐத் தொட 20 சதவீதம் கொடுப்பேன். துணிச்சலான கணிப்பு என்ற பெயருக்குத் தகுதியானது. காரணத்தையும் பக்கத்தில் எழுதுங்கள்.

2001 பற்றி ஒரு வார்த்தை. ராண்டி ஜான்சன், கென் கிரிஃபி ஜூனியர், அலெக்ஸ் ரோட்ரிகெஸ் மூவரும் அடுத்தடுத்துப் போன பிறகு வந்த சீசன் அது. அப்போது ஒருவர் 116 என்று எழுதியிருந்தால் அவருக்குக் கணிப்புத் திறமை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், அது லாட்டரி. ஆனால் ஜப்பானில் இச்சிரோ ஆடியதைப் பார்த்திருந்து, "இவர் பந்தைத் தவறவிடுவதே இல்லை, அமெரிக்காவிலும் .300-க்கு மேல் சராசரி (பத்து முயற்சிக்கு மூன்று ஹிட்) நிற்கும்" என்று எழுதியிருந்தால் தலைவணங்குவேன். அவர் 242 ஹிட் அடித்து, .350 சராசரியோடு, சிறந்த புதுமுகம், மிக மதிப்புமிக்க வீரர் இரண்டு விருதையும் அதே வருடம் வாங்கினார். ப்ரெட் பூன் 37 ஹோம் ரன் அடிப்பார் என்று எழுதியிருந்தால்? முந்தைய வருடம் அவர் அடித்தது 19. அதற்கு என்ன காரணம் சொல்லியிருக்க முடியும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இப்போது ராலி. உங்கள் பட்டியலில் எனக்குப் பிடிக்காதது இதுதான், ஆளைப் பிடிக்காமல் இல்லை. ஒரு கேட்சர் 60 அடித்தது நம் வாழ்நாளில் மறுபடி பார்ப்போமா என்று தெரியாத விஷயம். அதுவரை கேட்சர்களில் சாதனை சால்வடார் பெரெஸின் 48, இரு பக்கமும் பேட் பிடிப்பவர்களில் மிக்கி மான்டிலின் 54, மேரினர்ஸில் கிரிஃபியின் 56. மூன்றையும் ஒரே சீசனில் உடைத்தார். ஆனால் அதற்கு முன் 60-ஐத் தொட்ட சீசன்கள் ஒன்பது, அந்த ஒன்பதிலும் அடுத்த வருடம் என்ன ஆயிற்று என்று பார்க்கலாம். ரூத் 60-லிருந்து 54. மாரிஸ் 61-லிருந்து 33. மெக்வயர் 70-லிருந்து 65, பிறகு 65-லிருந்து 32. சோசா 66-லிருந்து 63, 63-லிருந்து 50, பின்னர் 64-லிருந்து 49. பாண்ட்ஸ் 73-லிருந்து 46. ஜட்ஜ் 62-லிருந்து 37. ஒன்பது தடவையும் எண்ணிக்கை இறங்கியது, விதிவிலக்கே இல்லை. இறங்கியும் 60-க்கு மேல் நின்றது இரண்டு தடவை, இரண்டும் 1999-ல். அந்தக் காலத்துப் பேட்டிங்கைப் பற்றி நாம் அறிந்ததை வைத்து அவற்றை எவ்வளவு நம்புவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

கேட்சர்களை மட்டும் எடுத்தால் இன்னும் மோசம். பெரெஸ் 2021-ல் 48, அடுத்த வருடம் 23. ஜானி பெஞ்ச் 1970-ல் 45, அடுத்து 27. ஹாவி லோபஸ் 2003-ல் 43, அடுத்து 23. இதில் மர்மம் எதுவும் இல்லை. யாராவது ஒரு பெரிய எண்ணைத் தொடுகிற வருடம் என்றால், திறமையோடு நல்ல உடல்நிலையும் கொஞ்சம் அதிர்ஷ்டமும் ஒரே நேரத்தில் கூடிவந்த வருடம். திறமை அப்படியே இருந்தாலும் மற்ற இரண்டும் மறுபடி கூடிவரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அதிலும் கேட்சர் தினமும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரலிலும் முழங்காலிலும் அடி வாங்குகிறவர். என் மையம் 40 பக்கம். 60-க்கு நான் கொடுப்பது இரண்டு, மூன்று சதவீதம். அதை எழுதினால் துணிச்சல் இல்லை, வேண்டுதல்.

கிர்பிக்கு சை யங் என்பது எனக்கு வேறு வகையாகப் படுகிறது. இந்த அணியில் அதை வாங்கியது இருவர்தான், 1995-ல் ராண்டி ஜான்சன், 2010-ல் ஃபெலிக்ஸ். லீக்கில் ஒருவருக்கே கிடைக்கும், அதிலும் 2024, 2025 இரண்டு வருடமும் டெட்ராய்ட்டின் டாரிக் ஸ்கூபல் அதை அசையாமல் பிடித்து வைத்திருந்தார். ஆகவே ஐந்து சதவீதத்தைத் தாண்ட மாட்டேன். ஆனால் கிர்பிக்கு ஒரு காரணம் எழுதலாம்: பந்தைக் குறியில் போடுவதில் அவருக்கு ஈடு குறைவு, 2023-ல் 190 இன்னிங்ஸுக்கு மேல் வீசி 19 பேருக்கு மட்டுமே வாக் (குறி தவறிய நான்கு பந்தால் இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்) கொடுத்தார். எதிர்க்கட்சி வாதமும் உண்டு, அளவுக்கு மீறிக் குறியில் போடுவதால் அடிப்பவர்கள் தயாராகக் காத்திருக்கிறார்கள் என்கிறார்கள். இதில் எது சரி என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

பிட்சர்களைப் பற்றிய எந்தக் கணிப்பிலும் ஒரு பள்ளம் இருக்கிறது, அது காயம். 2024-ல் கிர்பி, கில்பர்ட், காஸ்டியோ, மில்லர் நால்வரும் தலா 30 ஆட்டத்துக்குக் குறையாமல் முதல் பிட்சராக இறங்கினார்கள். அதைப் பார்த்துத்தான் 2025-க்கு எல்லோரும் "இந்த பிட்சர் வரிசைதான் நம்மைக் கரையேற்றும்" என்று எழுதினார்கள். நடந்தது என்ன? கிர்பி தோள்பட்டைக் காயத்தால் சீசன் தொடக்கத்தில் ஆடவே இல்லை, கில்பர்ட், மில்லர் இருவரும் முழங்கையால் வெளியே போனார்கள். ஆனாலும் அணி தன் டிவிஷனில் (லீக்கின் உட்பிரிவு) முதலிடம் பிடித்தது. 2001-க்குப் பிறகு முதல் தடவை, அதுவும் பேட்டிங்கை நம்பி. கணிப்பின் விடை சரி, வழி தப்பு. இப்படிப் பலித்ததற்கு முழு மதிப்பெண் போடுவதை நான் நிறுத்திவிட்டேன்.

மார்ச்சில் அரிசோனாவில் நடக்கும் பயிற்சி ஆட்டங்களிலிருந்து வரும் செய்திகளை எவ்வளவு நம்பலாம் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். அங்கே மேரினர்ஸ் பயிற்சி எடுக்கும் பியோரியாவில் ஒருவர் .400 அடிக்கிறார் என்றால் மறந்துவிடுங்கள். வறண்ட காற்றில் பந்து பறக்கும், எதிரே பாதிப் பேர் மைனர் லீக் பையன்கள், பிட்சர் ஜெயிக்க வராமல் புதுப் பந்து ஒன்றைப் பழகிப் பார்க்க வந்திருப்பார். நான் கவனிப்பது இரண்டு: பிட்சரின் வேகம், யாரை எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள் என்பது. போன வருடத்தைவிட இரண்டு மைல் குறைந்த வேகம், பெரும்பாலும் மோசமான செய்தி. ஹூலியோ எப்போதும் ஜூலைக்குப் பிறகுதான் விழிப்பார் என்று எல்லோரும் சொல்வதை மட்டும் எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. புள்ளிவிவரம் இதுவரை அப்படித்தான் இருக்கிறது, ஆனால் நான்கு சீசன் போதாது.

கணினி மாதிரிகள் இதெல்லாம் செய்துவிடுமே என்று யாராவது கீழே எழுதுவார்கள். செய்யும், பெரும்பாலான ரசிகர்களைவிட நன்றாகவே செய்யும். ஆனால் 2014-ல் வேர்ல்டு சீரிஸ் வரை போன கான்ஸஸ் சிட்டி ராயல்ஸுக்கு, 2015-ல் பெகோட்டா என்ற கணினி மாதிரி கொடுத்தது 72 வெற்றி. அவர்கள் 95 ஜெயித்துக் கோப்பையையும் தூக்கினார்கள். ஃபீல்டிங், கடைசி இன்னிங்ஸ் பிட்சர்கள், பந்தை விடாமல் தொடும் பேட்டிங், இவற்றை மாதிரி குறைத்து மதிப்பிட்டது என்பது ஒரு விளக்கம். வெறும் அதிர்ஷ்டமும் அதில் நிறைய இருந்தது என்பது இன்னொன்று. இரண்டும் கலந்துதான் இருக்கும், எந்த விகிதத்தில் என்று ஒரே ஓர் அணியை வைத்துப் பிரிக்க முடியாது.

வேர்ல்டு சீரிஸ். முப்பது அணிகளில் அங்கே கால் வைக்காத ஒரே அணி நம்முடையது. 2025 அக்டோபரில் டொரொண்டோவில் அதற்கு முந்தைய தொடரின் ஏழாவது ஆட்டம், ஏழாவது இன்னிங்ஸ், 3-1 என்று முன்னிலை, அப்போது எதிரணியின் ஸ்பிரிங்கர் அடித்த அந்த மூன்று ரன் ஹோம் ரன்... சரி, அது வேண்டாம். கணக்கு இப்படி: ஒவ்வோர் ஆட்டத்திலும் எதிரணியைவிட நாம் கொஞ்சம் மேல், 55 சதவீதம் ஜெயிப்போம் என்று வைத்தாலும், ஐந்து ஆட்டத் தொடரை வெல்ல 59, ஏழு ஆட்டத் தொடரை வெல்ல 61 சதவீதம்தான். வேர்ல்டு சீரிஸுக்குள் நுழைய இரண்டையும் அடுத்தடுத்து வெல்ல வேண்டும், அதற்கு 36. பிளேஆஃபுக்குள் நுழைவதே மூன்றில் இரண்டு வாய்ப்பு, முதல் சுற்றைத் தாண்டி நேராக நுழைவது அதிலும் பாதி, மற்ற பாதியில் மூன்று ஆட்ட முதல் சுற்றையும் வெல்ல வேண்டும் என்று கணக்கிட்டால் மொத்தம் 19 சதவீதம் பக்கம் வருகிறது. 55 என்பது தாராளமான எண், அதனால் 15 என்று குறைத்துக்கொள்கிறேன். இருந்தாலும் இந்த அணி பல வருடம் இரண்டு, மூன்று சதவீதத்தில் கிடந்தது. 15 என்று நேர்மையாக எழுத முடிகிற நிலைமையே நமக்குப் புதுசு.

ஆக உங்கள் நான்கில் 95 வெற்றியையும் வேர்ல்டு சீரிஸையும் வைத்துக்கொள்ளுங்கள், கிர்பியை ஆசைக்கு ஒன்றாக விடுங்கள், ராலியின் 60-ஐ எடுத்துவிடுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூன்று விஷயம் எழுதுங்கள்: எத்தனை சதவீதம், என்ன காரணம், எந்தத் தேதிக்குள் எந்த எண்ணை வைத்துத் தீர்ப்பு. "ராலி கலக்குவார்" என்று எழுதினால் அக்டோபரில் சண்டைதான் வரும். மதிப்பெண்ணும் பலித்ததா இல்லையா என்று போடாமல், நீங்கள் எழுதிய சதவீதத்துக்கும் (20 சதவீதம் என்றால் 0.2) நடந்ததற்கும் (நடந்தால் 1, நடக்காவிட்டால் 0) உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்கிக் கூட்டுங்கள். குறைந்த கூட்டுத்தொகை உள்ளவர் ஜெயித்தார். இதில் எல்லாவற்றுக்கும் 90 சதவீதம் போடுகிறவர் படுதோல்வி அடைவார். ஒரு வருட முடிவை வைத்து யாருக்குத் திறமை என்று சொல்லாதீர்கள். ஐந்தாறு வருடத் தாள்களைச் சேர்த்துப் பார்த்தால், 20 சதவீதம் என்று எழுதியவை ஐந்தில் ஒன்று நடந்திருக்கிறதா என்று தெரியும். நடந்திருந்தால் அது ஜோசியமில்லை.

ராலி போன இடத்துக்கு வேண்டுமானால் என்னுடையது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: ஜாஷ் நெய்லர் மறுபடியும் 20 பேஸ் திருடுவார் (பந்து அடிபடும் முன்பே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது), 30 சதவீதம். ஓட்ட வேகத்தில் லீக்கின் கடைசி வரிசையில் நிற்கிற ஆள் அவர். அப்படியிருந்தும் 2025-ல் 30 திருடினார், அதில் 19 ஜூலைக் கடைசியில் சியாட்டிலுக்கு வந்த பிறகு, இரண்டே மாதத்தில். 2023 முதல் பேஸ்கள் பெரிதாகிவிட்டன, பிட்சர் திரும்பி எறிந்து பயமுறுத்துவதற்கும் கட்டுப்பாடு வந்துவிட்டது. இவற்றால் காலைவிடக் கண்ணுக்கு மதிப்பு கூடியது. பிட்சர் எப்போது அசைவார் என்று படிக்கத் தெரிந்தவருக்கு அந்தத் திறமை ஒரு குளிர்காலத்தில் போய்விடாது. எதிரணிகள் இனி அவரைக் கண்ணை மூடாமல் பார்ப்பார்கள், அதனால்தான் 30 சதவீதத்தோடு நிறுத்துகிறேன்.